ஐம்பொன் குறுக்கெழுத்து: சிக்கிய இடத்திலிருந்து வெளியே வரும் வழி

நான் செய்த ஐம்பொன் குறுக்கெழுத்தில் பாதிக் கட்டம் நிரம்பி மீதி அசையாமல் நிற்கும்போது எடுத்துப் பார்ப்பதற்காக இதை எழுதுகிறேன். விடைகள் எல்லாமே கீழே வெளிப்படையாக வருகின்றன. இன்னும் தாளைத் தொடாதவர்கள் ஒரு மாலைப் பொழுது முயன்று பார்த்துவிட்டு வாருங்கள், அவசரமில்லை.

தாள் கையில் இல்லாதவர்களுக்கும் புரியவேண்டும் என்பதால் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். 13க்கு 13 கட்டம். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் மட்டும்தான். வார இதழ்ப் புதிர்களில் பழகியவர்கள் வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் தேடுவார்கள். இதில் அது கிடையாது. தலைப்பு ‘ஐம்பொன்’. தாளின் அடியில் இப்படி ஓர் அறிவிப்பு இருக்கும்:

“ஐந்து விடைகளுக்குள் ஐம்பொன் ஒளிந்திருக்கிறது: பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம். ஐந்தின் அணு எண்களையும் கூட்டுங்கள். புறநானூற்றில் அந்த எண்ணுள்ள பாட்டை எடுத்து, இரண்டாம் அடியின் முதல் இரண்டு எழுத்தைக் கீழே உள்ள இரண்டு கட்டத்தில் எழுதுங்கள். அதுவும் ஒரு தனிமம்; உலோகம் அல்ல.”

எந்த ஐந்து விடைகள் என்று தாளில் குறிக்கவில்லை. மற்றக் குறிப்புகளோடு கலந்து கிடக்கும் அந்த ஐந்தும் இவை:

தண்ணீர்ப் பாத்திரத்தை முன்னே வைத்து நிற்கும், உவமையே பெயரான புலவர் (10)
சனிக்கு முந்தி தெருவுக்கு வந்து மரியாதை பெற்றார். ஔவையின் பாட்டில் வரும் புலவர் (7)
தங்கக் கிரீடம் சூடியது யார்? கடமைகளை வரிசைப்படுத்திச் சொன்ன புலவர் (6)
கரும்பொன்னால் வந்த துன்பம், உச்சியில் மரியாதை: யானைப் பிடரியால் பெயர் பெற்றவர் (11)
பாட்டின் முடிவில் ரசப் பாத்திரத்து உலோகம்: வடமொழி இலக்கணம் (5)

ஒவ்வொரு குறிப்பிலும் ஒரு பாதி நேரான பொருள், மறு பாதி சொல்லைக் கட்டும் வழி. ‘சனிக்கு முந்தி’ என்றால் வெள்ளி, தெரு வீதி, மரியாதை ‘ஆர்’. சேர்த்தால் வெள்ளிவீதியார். இந்தப் பழக்கம் பிடிபட்டால் போதும், மற்றதெல்லாம் கீழே சொல்லும் சிக்கல்கள்தான். உங்களுக்கு எது நேர்ந்ததோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம்.

விடை தெரியும்; கட்டம் 10, எழுத்து 11

முதலில் வந்த தொலைபேசி இதற்காகத்தான். ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர். “தம்பி, யாயும் ஞாயும் பாடினவர்தானே? எழுதிப் பாத்துட்டேன், கடைசி ‘ர்’ கட்டத்துக்கு வெளியே போய் நிக்குதே” என்றார்.

அவர் எழுதியது, செம்மண்ணில் பெய்த மழைநீர் என்ற உவமையால் பெயர் பெற்ற செம்புலப்பெயல்நீரார். இன்றைக்கு நாம் பிரித்து எழுதும் வழக்கம் அது, தப்பில்லை. ஆனால் பழைய ஏட்டு வழக்கில் பெயலும் நீரும் சேரும்போது லகரமும் நகரமும் கரைந்து ஒரு னகரம் ஆகிவிடும். பெயல் + நீர் = பெயனீர். செ, ம், பு, ல, ப், பெ, ய, னீ, ரா, ர் என்று எண்ணிப் பாருங்கள், பத்து சரியாக வரும்.

எழுத்து ஒன்று கூடினால் இப்படிச் சேர்த்துப் பாருங்கள். ஒன்று குறைந்தால் ஒற்றைத் தேடுங்கள்: இரும்பிடர்த்தலையாரில் ‘த்’ விட்டுப்போனால் 11இல் ஒரு கட்டம் காலியாகத் தொங்கும். புலவர் பெயர்களைச் சேர்த்தெழுதும் வடிவத்தில்தான் போட்டிருக்கிறேன், எல்லா இடத்திலும்.

செம்மண்ணில் இருப்பது இரும்புதானே?

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி கேட்டது இது. “சார், செம்மண் செவப்பா இருக்கறதுக்கு இரும்பு ஆக்சைடுதான் காரணம்னு நீங்கதான் போர்டுல எழுதிப் போட்டீங்க. அப்ப செம்புலப் பெயனீர்ல இரும்புதானே இருக்கணும்? நீங்க செம்புன்னு போடச் சொல்றீங்களே.”

இந்தக் கேள்விக்காகவே இந்தப் புதிரைச் செய்ததாக இப்போது தோன்றுகிறது. அவள் சொன்னது முழுக்கச் சரி. செம்மண்ணின் நிறம் இரும்பு ஆக்சைடின் நிறம். செம்பு மண்ணில் கலந்து காற்றும் ஈரமும் பட்டால் சிவப்பைத் தராது. பச்சையையும் நீலத்தையும்தான் தரும். புளி போட்டுத் தேய்க்காமல் விட்ட செம்புக் குடத்தில் படரும் களிம்பைப் பாருங்கள், பச்சை. மயில்துத்தம் என்று நாட்டுமருந்துக் கடையில் விற்கும் செம்புச் சேர்மம் பெயருக்கேற்ற நீலம். ஆக, அந்தப் பாட்டின் மண்ணில் செம்புக்கு வேலையில்லை.

‘யாயும் ஞாயும்’ என்று தொடங்கும் குறுந்தொகை 40ஆம் பாட்டின் மழைநீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மணல் அப்போதே அடியில் படியும். இரும்பு ஆக்சைடு பூசிய நுண்களி மட்டும் படியாது, நாள்கணக்கில் தண்ணீரைச் செந்நிறமாகவே வைத்திருக்கும். ‘அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே’ என்று அவர் சொன்ன கலப்பு அந்தக் களியின் கலப்பு. வகுப்பில் கூழ்மம் நடத்தும்போது இந்த அடியைச் சொல்லாமல் நான் விட்டதில்லை.

ஆனால் புதிர் கேட்பது மண்ணை அல்ல, எழுத்தை. பாட்டில் சொல் பிரிவது செம் + புலம். புதிரில் வெட்டவேண்டியது செம்பு + லம். பொருள்படி வெட்டினால் உலோகம் கிடைக்காது. செம்பு என்ற சொல்லும் செம்புலம் என்ற சொல்லும் ‘செம்’ என்ற ஒரே சிவப்பில் பிறந்தவை என்பதால் கத்தி கொஞ்சம் தள்ளி விழுந்தாலும் வெட்டு பொருந்திவிடுகிறது. குறிப்பில் ‘தண்ணீர்ப் பாத்திரம்’ என்று இருப்பதும் இதற்காகத்தான். பந்தியில் தண்ணீர் கொண்டுவரும் செம்பு அது.

இதே தவறு தங்கக் கிரீடக் குறிப்பின் விடையான பொன்முடியாரிலும் நடக்கிறது. புறநானூறு 312இல் ‘வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே’ என்று கொல்லன் வருகிறான், வேல் வருகிறது. அதைப் பார்த்து இரும்பு என்று எழுதிவிட்டு, இரும்பு இரண்டு முறை வருகிறதே என்று விழித்தவர்கள் நாலைந்து பேர். பாட்டுக்குள் போகாதீர்கள். பெயருக்குள் நில்லுங்கள்.

பொன்னுக்கு இரண்டு பெயர் பொருந்துகிறது

பொன்மணியார் என்றும் சங்கப் புலவர் உண்டு. அதுவும் 6 எழுத்து. குறிப்பில் கிரீடம் இருக்கிறது, மணி இல்லை. முடிதான். ‘சூடியது யார்’ என்பதில் உள்ள ‘யார்’ அப்படியே விடையின் வால். உறையூர் இளம்பொன்வாணிகனாரை நினைத்தவர்களுக்கு: நல்ல நினைவு, ஆனால் அவர் 10 கட்டம் கேட்பார்.

இரும்பு முழுதாக இல்லை. ஈயம் கண்ணிலேயே படவில்லை

வெள்ளி, செம்பு, பொன் மூன்றும் பெயரின் தொடக்கத்தில் முழுசாக உட்கார்ந்திருக்கின்றன. விரலை வைத்து மறைத்துக் காட்டலாம். அந்தப் பழக்கத்தோடு அடுத்த இரண்டுக்கு வந்தால் கைக்கு எதுவும் அகப்படாது.

இரும்பிடர்த்தலையாரில் ‘இரும்பி’ இருக்கிறது, ‘இரும்பு’ இல்லை. எங்கே போயிற்று அந்த உகரம்? குறிப்பு சொல்லும்படி இரும்போடு இடரைச் சேருங்கள். இரும்பின் கடைசி உகரம் குற்றியலுகரம். அடுத்து உயிர் வந்தால் அது நிற்காது. ‘உயிர்வரின் உக்குறள் மெய்விட் டோடும்’ என்று நன்னூல் அந்த ஓட்டத்தைச் சொல்கிறது. உகரம் ஓடிப்போன பகரத்தின் மேல் இடரின் இகரம் வந்து ஏறிக்கொள்கிறது: இரும்பிடர்.

பள்ளிச் சோதனைச்சாலையில் மயில்துத்தக் கரைசலில் ஓர் இரும்பாணியைப் போட்டு வைப்போம். அரை மணி கழித்து எடுத்தால் ஆணி மேல் செம்பு படிந்திருக்கும். கரைசலின் நீலம் வெளுக்கத் தொடங்கியிருக்கும். கரைசலில் செம்பு இருந்த இடத்தை இரும்பு பிடித்துக்கொண்டு அதை வெளியே தள்ளிவிட்டது. இடப்பெயர்ச்சி வினை. குற்றியலுகரப் புணர்ச்சியை நான் புரிந்துகொண்டதே இந்த ஆணியை வைத்துத்தான். தமிழ் ஐயா விதியாகச் சொன்னபோது ஏறாதது, நீலம் வெளுத்ததைப் பார்த்தபோது ஏறியது.

புறநானூறு 3இல் உண்மையான பிரிப்பு வேறு என்பதையும் சொல்லவேண்டும். ‘பெருங்கை யானை இரும்பிடர்த் தலையிருந்து’ என்பது அடி. இரும் + பிடர், யானையின் பெரிய பிடரி. அந்த அடியே புலவருக்குப் பெயர் கொடுத்துவிட்டது, செம்புலப் பெயனீரைப் போலவே.

ஈயம் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. பாட்டுக்குப் பழைய சொல் பாண். ‘பாட்டின்’ என்றால் பாண் + இன். அதன் முடிவில் ஈயம். பாணின் + ஈயம் = பாணினீயம். பாணினி எட்டு அத்தியாயங்களில் எழுதிய வடமொழி இலக்கணத்துக்குப் பெயர். இங்கே ‘ஈ’ என்ற எழுத்து ஈயாகவே தெரியாது. னகரத்தின் தலையில் ஒரு சுழியாக மட்டும் நிற்கும். ‘உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே’ என்ற விதி தெரிந்தால் அந்தச் சுழியைக் கழற்றி ஈயை வெளியே எடுக்கலாம். தெரியாமல் ‘ஈ’ என்ற முழு எழுத்தைத் தேடினால் கட்டம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

ஒரு வருத்தத்தையும் இங்கே பதிந்துவிடுகிறேன். இந்தப் புதிரை ஒரு மலரில் வெளியிட்டார்கள். மெய்ப்புப் பார்த்தவர் நல்லெண்ணத்தோடு விடைப் பக்கத்தில் ‘பாணினியம்’ என்று திருத்திவிட்டார். அப்படியும் எழுதுகிறார்கள்தான். ஆனால் நெடில் குறிலானதும் ஈயம் செத்துப்போயிற்று. ஐந்தில் ஒன்று இல்லாத புதிரோடு எத்தனை பேர் மல்லுக்கட்டினார்களோ என்று நினைத்து அந்த வாரம் முழுக்கத் தூக்கமில்லை. உங்களிடம் இருப்பது அந்த அச்சு என்றால், ‘னி’யை ‘னீ’ ஆக்கிக்கொள்ளுங்கள்.

துத்தநாகம் கிடைத்தது, கூட்டினால் 235

இதில் தவறு என்னுடையது. கட்டத்தில் வேறொரு மூலையில் இளநாகனார் என்ற விடை இருக்கிறது. அதற்கும் ஐம்பொன்னுக்கும் தொடர்பில்லை, சாதாரண விடைதான். ஆனால் சித்த மருத்துவம் அறிந்தவர்களுக்கு நாகம் என்றால் துத்தநாகம். நாக பற்பம் அதில் செய்வது. ஐம்பொன் பட்டியலும் ஆளுக்கு ஆள் மாறும். சிலை வார்ப்பவர்கள் கணக்கில் துத்தநாகம் இருப்பதுண்டு. அதனால் இரும்பு முழுதாகத் தெரியாதவர்கள் அதைத் தள்ளிவிட்டு, நாகத்தை எடுத்துக்கொண்டார்கள்.

இரும்பின் அணு எண் 26, துத்தநாகத்துக்கு 30. கூட்டுத்தொகை நாலு கூடி 235 ஆகிறது. புறநானூறு 235 எது தெரியுமா? ‘சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே’. அதியமான் இறந்தபோது ஔவை பாடியது. இதைப் பார்த்தவுடன் சரியான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று யாருக்கும் தோன்றும். எமக்கு ஈயும் என்று ஈயச் சாயல் வேறு இருக்கிறது. நானே ஒரு கணம் அசந்துபோனேன்.

சோதிக்க ஒரே வழி, இரண்டாம் அடி. அது ‘பெரியகட் பெறினே’ என்று தொடங்குகிறது. முதல் இரண்டு எழுத்து ‘பெரி’. அப்படி ஒரு தனிமம் இல்லை. அறிவிப்பில் கொடுத்த ஐந்தையே எடுத்துக்கொண்டு மறுபடி கூட்டுங்கள். இளநாகனாரை அடுத்த பதிப்பில் எடுத்துவிடுகிறேன்.

கைபேசியில் தட்டினால் தவறு என்கிறது

தாளில் சரியாக வரும் விடை, திரையில் மட்டும் சிவப்பாகிறது என்றால் உங்கள் விடையில் குறை தேடவேண்டாம். கட்டம் நாம் எழுத்தென்று எண்ணுவதைக் கேட்கிறது. கணினிக்கு ‘டி’ என்பது ஒரு எழுத்தல்ல. டகரம் ஒன்று, கொக்கி ஒன்று. பொன்முடியாரில் நமக்கு 6 எழுத்து, யூனிகோடு குறிகளோ 12. ‘பொ’வில் உள்ள கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டும் விசைப்பலகையாக இருந்தால் 13. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், நிரலோ இரண்டும் வேறு என்று சொல்லிவிடும்.

தீர்க்கும் வழி: அந்தச் சொல்லை அழித்துவிட்டு, ஒ, ஓ வரிசை எழுத்துகளை ஒரே தட்டலில் தரும் விசைப்பலகையில் மறுபடி அடியுங்கள். வேறிடத்திலிருந்து வெட்டி ஒட்டாதீர்கள். கால் குறி வரவேண்டிய இடத்தில் ரகரம் நுழைந்திருக்கிறதா, ‘ஔ’ போடும் இடத்தில் ஒகரமும் ளகரமும் தனித்தனியாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஔவை பெயரில் இது அடிக்கடி நடக்கும். இதேபோல் புதிர் நிரல் எழுதுபவர்கள், விடையை ஒப்பிடும் முன் இரு பக்கத்தையும் ஒரே யூனிகோடு வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, உயிர்மெய்யைப் பிளக்காமல் எண்ணினால் பாதித் தொல்லை தீரும்.

ஐந்தும் கிடைத்தன, கூட்டினால் 263

அதிகம் பேர் நின்றுபோனது இங்கே. செம்பு 29, வெள்ளி 47, பொன் 79, இரும்பு 26. இதுவரை யாருக்கும் சிக்கலில்லை. ஈயம்? பாடப் புத்தகத்தைத் திறந்தால் காரீயம் 82. கூட்டினால் 263.

புறநானூறு 263 ஒரு நடுகல் பாட்டு. பெயர் தெரியாத புலவர் பாடியது. ‘பெருங்களிற்று அடியின் தோன்றும் ஒருகண்’ என்பது முதல் அடி. இரண்டாம் அடி ‘இரும்பறை இரவல’ என்று தொடங்குகிறது. முதல் இரண்டு எழுத்து ‘இரு’. தமிழில் முழுச் சொல். அடுத்த எழுத்துகளையும் சேர்த்துப் பார்த்தால் இரும்பின் சாயல். பாட்டிலோ யானை, கல்லாகி நிற்கும் வீரன். இப்படி ஒரு தவறான கதவு எனக்குத் தெரியாமலே அவ்வளவு அழகாக அமைந்துவிட்டது. ஆனால் ‘இரு’ தனிமமல்ல. இரும்பு என்று நீட்டினாலும் அது உலோகம். அறிவிப்பின் கடைசி வாக்கியம் இரண்டையும் தடுக்கிறது.

திருத்தம் குறிப்பிலேயே இருக்கிறது: ரசப் பாத்திரத்து உலோகம். ஈயம் என்ற ஒரே சொல்லால் தமிழ் இரண்டு தனிமங்களைச் சொல்கிறது. கருப்பாக, கனமாக, வலையின் அடியில் கட்டுவது காரீயம். வெள்ளையாக, பித்தளைப் பாத்திரத்தின் உள்ளே பூசுவது வெள்ளீயம். ஈயச் சொம்பு என்று நாம் சொல்வது வெள்ளீயச் சொம்பை. காரீயத்தில் ரசம் வைத்தால் நஞ்சு. வாங்கும்போதும் இதைக் கவனியுங்கள், நம்பகமான கடையில் மட்டும் வாங்குங்கள்.

எங்கள் வீட்டில் ஈயச் சொம்பு ஒன்று இருந்தது. அம்மா அதை என் கையில் கொடுக்கும்போதெல்லாம் சொல்வாள்: “புளித்தண்ணிய ஊத்திட்டு அடுப்புல வைடா. வெறும் சொம்ப வச்சே, ஓடிரும்.” ஒருநாள் அக்கா மறந்து வெறும் சொம்பை ஏற்றிவிட்டாள். அடிப்பாகம் முதலில் பளபளத்தது, பிறகு பாதரசம்போல் ஒரு சொட்டு பர்னர் மேல் விழுந்து உருண்டது. அதற்குள் அடியில் ஒரு ரூபாய் அளவு ஓட்டை. வெள்ளீயம் 231.9 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அது கொதிக்கும் சூட்டைத் தாண்டிச் சொம்பு அதிகம் ஏறாது. தண்ணீர் இல்லையென்றால் அடுப்புத் தீக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

வெள்ளீயத்தின் அணு எண் 50. 26, 29, 47, 50, 79 எல்லாம் சேர்த்தால் 231.

ஆமாம், உருகும் சூட்டின் முழு எண்ணும் 231தான். இதை நான் திட்டமிடவில்லை. புதிர் முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். சொம்பு ஞாபகம் இருக்கிறவர்கள் இதையே விடைச் சோதனையாக வைத்துக்கொள்ளலாம்.

231 வந்தது, பாட்டு கிடைத்தது, இரண்டு எழுத்து புரியவில்லை

புறநானூறு 231. இதுவும் ஔவைதான், இதுவும் அதியமானுக்குத்தான். 235இல் அவன் இருந்த காலத்தை எண்ணி அழுகிறாள். இதில் அவன் உடல் ஈமத்தில் ஏறிவிட்டது.

எறிபுனக் குறவன் குறையல் அன்ன
கரிபுற விறகின் ஈம ஒள்ளழல்

புனம் எரித்துத் திருத்துகிற குறவன் வெட்டிப்போட்ட கட்டைத் துண்டுகள்போல், புறம் கரிந்த விறகு. அதன் தீ உடலை நெருங்கினாலும் நெருங்கட்டும், நெருங்காமல் வானைத் தொட நீண்டாலும் நீளட்டும், அவன் புகழ் மாயாது என்று பாட்டு போகிறது. இரண்டாம் அடியின் முதல் இரண்டு எழுத்து: கரி.

இங்கே வந்தும் சிலர் எழுதத் தயங்குகிறார்கள். காரணம் இரண்டு. ஒன்று, பாடநூலில் கார்பன் என்று படித்தவர்களுக்குக் கரி ஒரு தனிமமாகப் படவில்லை. கரிம வேதியியல் என்ற பாடத்தின் பெயரிலும், கரியமில வாயு என்று நாம் சொல்லும் பெயரிலும் இருப்பது இதே கரிதான். அணு எண் 6. உலோகமல்ல.

இரண்டாவது தயக்கம் தமிழ் படித்தவர்களுடையது. தொடக்கத்தில் சொன்ன அதே ஆசிரியை, எல்லாம் முடித்துவிட்டு மறுபடி கூப்பிட்டார். “தம்பி, கரிபுறம்னா கரிஞ்ச புறம். அது வினை. அங்க கரிங்கற பொருளையே அவ சொல்லல. செம்புலத்துல செம்ப வெட்டி எடுத்த மாதிரி இதையும் எழுத்த வெட்டித்தானே எடுக்கிறே?”

இலக்கணப்படி அவர் சொன்னது சரி. ஆனால் அந்த விறகை எடுத்துப் பாருங்கள். கட்டை தீயில் விழுந்ததும் முதலில் ஈரம் போகிறது. பிறகு சூட்டில் மரத்தின் சாரமெல்லாம் ஆவியாகப் பிரிந்து, அந்த ஆவிதான் சுடராக எரிகிறது. ஔவை பார்த்த ஒள்ளழல் அது. அந்தச் சாரம் போன பிறகு கட்டையின் வெளித்தோலில் கருப்பாக மிஞ்சுவது பெரும்பாலும் கரி. செம்புலத்தில் செம்பு இல்லை. பொன்முடியாரின் பாட்டில் கொல்லன் அடித்தது பொன் இல்லை. யானைப் பிடரியில் இரும்பு இல்லை, பாணினியின் நூலில் ஈயம் இல்லை. கரிபுற விறகின் புறத்தில் கரி இருக்கிறது.

“சரி, அப்ப எழுதிடறேன்” என்றார். பேனா தாளில் படும் சத்தம் தொலைபேசியில் கேட்டது.